சேகரத்துக் கல்

ஜனவரி 3 ஆம் தேதி காலை 10.30 மணிக்குத் தென் எஸ்தோனியாவின் ஒரு கிராமத்து ஆலயத்தின் முன்னால், முழங்கால் அளவுப் பனியில், பதினைந்து பேருடன் நானும் நின்றிருந்தேன். ஆலயமணி அடித்தது. மணி ஓய்ந்த பிறகும் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஊர்ப் பிள்ளைகள் இருவர் முன்னால் போய், ஆளுயரத்துக்குச் சற்று மேலாக நின்ற கருங்கல் தூணின் அடியில் கிடந்த பனியைக் கையால் ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக் குவளைக்குள் இருந்த மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தார்கள். போதகர் ஒரு சிறு ஜெபம் சொன்னார். பேச்சாளர் என்று யாரும் வரவில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1919 டிசம்பர் 31 ஆம் தேதி தார்த்து நகரில் சோவியத் ரஷ்யாவுடன் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அது நடப்புக்கு வந்தது 1920 ஜனவரி 3 ஆம் தேதி காலை 10.30 மணிக்கு. நார்வா நகரப் போர்முனையில் பீரங்கிகள் அடங்கிய நேரம் அதுதான். அதே தார்த்து நகரில் பிப்ரவரி 2 ஆம் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. எஸ்தோனியர்கள் இந்தப் போரை விடுதலைப் போர் என்ற பொருளில் ‘வபதுஸ்சொதா’ என்கிறார்கள். போர் முடிந்த நிமிடத்தையே ஆண்டுதோறும் நினைவுகூர்வதும், அந்த நிமிடத்தில் பேசாமல் நிற்பதும் இவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. சாதாரண நாளிலேயே அளந்து பேசுகிற மக்கள் இவர்கள்.

என்னை அங்கே அழைத்துப் போனவர், தார்த்துவில் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் அம்மையார். எழுபது வயதைத் தாண்டியவர். அந்த ஊரில் பிறந்தவர். கல்லில் இருக்கும் பெயர்களில் ஒன்று அவருடைய தாத்தாவின் அண்ணனுடையது. ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கல்லில் உள்ள குடும்பங்களில் பல இன்னும் அங்கேயே இருக்கின்றன. அம்மையார் காரில் வரும்போது எனக்குச் சொன்னவற்றில் சில, ஊருக்குள் மட்டும் புழங்குகிற பேச்சு.

அந்தக் கல் ஊரின் கல் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அவர் திருத்தினார்: அது ‘கிஹெல்கொந்த்’தின் கல். இந்தச் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருளை விட எங்கள் நெல்லைப் பக்கத்துச் சொல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் பல ஊர்ச் சபைகளின் தொகுதியைச் சி.எஸ்.ஐ. திருச்சபையார் சேகரம் என்பார்கள். கிஹெல்கொந்த் என்பதும் ஏறத்தாழ அதுதான். நடுவில் ஓர் ஆலயம், சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு வரை அந்த ஆலயத்துக்கு உரிய பண்ணைகள். ஆனால் நம் சேகரத்தைப் போல இது திருச்சபைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பிரிவு அன்று. 13 ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிலுவைப் போராளிகள் இந்த மண்ணைப் பிடிப்பதற்கு முன்பே மக்கள் இப்படிப்பட்ட வட்டாரங்களாகத்தான் வாழ்ந்தார்கள். பிறகு அவற்றின் மேல் கத்தோலிக்க ஆலயங்கள் வந்தன. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் அவை லூத்தரன் ஆலயங்கள் ஆயின. மக்களின் பாரம்பரிய உடை, பேச்சுவழக்கு, பாட்டு எல்லாமே சேகரவாரியாகத்தான் வேறுபடுகின்றன. பாவாடையில் ஓடும் கோடுகளின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சேகரத்துப் பெண் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

தென் எஸ்தோனியாவில் பயணம் செய்தவர்களுக்கு இதன் காரணம் கண்ணாலேயே விளங்கும். வீடுகள் நெருங்கி நிற்கும் நம்மூர் மாதிரியான தெருக்கள் அங்கே இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வயலின் நடுவே வீடு கட்டிக்கொண்டு இருக்கும். அடுத்த வீட்டுப் புகைபோக்கி தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். இத்தனை சிதறிக் கிடந்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து முற்றத்தில்தான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் அங்கே. பதினெட்டு வயதை ஒட்டித் திடப்படுத்தல் வகுப்பு அங்கே. அதை முடிக்காதவனைப் பெரியவனாக ஊர் ஏற்காது, கல்யாணமும் ஆகாது. கடைசியில் கல்லறைத் தோட்டமும் அதே ஆலயத்தைச் சேர்ந்தது. ஆகவே போர் முடிந்து இறந்தவர்களுக்குக் கல் வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, இடம் எது என்ற கேள்வியே பெரும்பாலான சேகரங்களில் எழுந்திருக்காது. பையன்கள் விழுந்தது நார்வா ஆற்றங்கரையிலும் லாத்வியக் காடுகளிலும். சிலருடைய உடல்களை ரயிலிலும் சறுக்கு வண்டியிலும் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். சிலரை விழுந்த இடத்திலேயே விட்டுவர வேண்டியிருந்தது. கல் மட்டும், அவர்கள் எல்லோரும் திடப்படுத்தல் பெற்று வெளியே வந்த அந்த வாசலுக்கு எதிரே நின்றது. இதை நடுகல் என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடு ஒட்டிவரும் மயிற்பீலியும் நறவும் இந்த லூத்தரன் கருங்கல்லுக்குச் சற்றும் ஒவ்வாதவை என்பதால் கல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1918 பிப்ரவரி 24 ஆம் தேதி தாலின் நகரில் எஸ்தோனியா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது; மறுநாளே ஜெர்மன் படை நகருக்குள் வந்துவிட்டது. அந்த நவம்பரில் ஜெர்மனி தோற்று வெளியேறத் தொடங்கியதும், நவம்பர் 28 ஆம் தேதி சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனை நார்வாவைத் தாக்கியது. புதிய அரசிடம் துப்பாக்கியும் இல்லை, ஆளும் இல்லை. ஆண்கள் ஏற்கெனவே ஜார் மன்னனின் படையில் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பியிருந்தார்கள்; இன்னொரு முறை அழைத்தபோது முதலில் பலர் வரவே இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும்தான் முதலில் வந்தார்கள் என்பது இன்றும் எஸ்தோனியப் பள்ளிகளில் சொல்லப்படும் கதை, அது பெருமளவு உண்மையும்கூட. டிசம்பர் 21 ஆம் தேதி தார்த்து விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் செஞ்சேனை தாலினுக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்கு வந்துவிட்டது.

பிறகு காற்று திரும்பியது. டிசம்பர் 23 ஆம் தேதி யோஹன் லைடோனர் தலைமைத் தளபதி ஆனார். பிரிட்டிஷ் கப்பல்கள் தாலின் துறைமுகத்துக்கு ஆயுதங்களோடு வந்தன. பின்லாந்திலிருந்து ஏறத்தாழ 3,500 தன்னார்வலர்கள் கடல் தாண்டி வந்தார்கள். சாதாரணச் சரக்கு வண்டிகளின் பக்கங்களில் பலகையும் மணலும் அடைத்துக் கவச ரயில்கள் ஆக்கினார்கள். 1919 ஜனவரி 14 ஆம் தேதி தார்த்து மீண்டது, 19 ஆம் தேதி நார்வா. ஜனவரி 31 ஆம் தேதி வால்கா நகருக்கு அருகில் பாயு பண்ணை மாளிகையைப் பிடிக்க நடந்த சண்டையில், திறந்த பனிவெளியில் முன்னால் ஓடிய யூலியுஸ் குபெர்யானொவ் குண்டடி பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். அவருக்கு வயது 24. உலகப் போருக்கு முன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அந்த மாளிகைக்குள் இருந்து சுட்டவர்கள் லாத்வியச் செம்படைத் துப்பாக்கி வீரர்கள்; குபெர்யானொவின் பக்கம் நின்றவர்களில் பின்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். 1919 கோடையில் தெற்கே பால்டிக் ஜெர்மானியர்களின் லாண்டெஸ்வேர் படையோடு இன்னொரு போர்; ஜூன் 23 ஆம் தேதி லாத்வியாவின் செசிஸ் நகரைப் பிடித்த நாளே இன்றும் எஸ்தோனியாவின் வெற்றித் திருநாள். ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொண்ட நாட்டில் 1919 மே மாதம் படையில் இருந்தவர்கள் 75,000 பேர். போரில் மாண்டவர்கள் 3,500க்கும் மேல். டைபஸ் காய்ச்சலிலும் பிற நோய்களிலும் போனவர்களைச் சேர்த்தால் தொகை இன்னும் கூடும்.

வராத ஆண்கள் பிறகு ஏன் வந்தார்கள் என்று அம்மையாரிடம் கேட்டேன். “நிலம்” என்றார், வேறு எதுவும் சொல்லாமல். ஆறேழு நூற்றாண்டுகளாக இந்த மண்ணின் பெரும்பகுதி ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணை மாளிகைகளுக்குச் சொந்தமாக இருந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1919 ஏப்ரலில் தேர்தல் நடத்தி, அரசியல் நிர்ணய சபை கூட்டி, அக்டோபர் 10 ஆம் தேதி நிலச் சட்டத்தை நிறைவேற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. பங்கிடும்போது போர்முனையில் நின்றவர்களுக்கு முன்னுரிமை. திரும்பி வந்த கூலிக்காரப் பையனுக்கு நிலம் கிடைத்தது. திரும்பி வராதவனுக்குக் கல்லில் பெயர் கிடைத்தது. இதைக் கசப்போடு நான் எழுதவில்லை. அம்மையாரின் தாத்தாவுக்கு அண்ணனின் சேவையைக் காட்டித்தான் நிலம் கிடைத்ததாம். அந்த வயலின் ஓரமாகத்தான் நாங்கள் காரில் வந்தோம்.

கல்லுக்கு வருகிறேன். மேலே, அந்தப் போருக்காக வழங்கிய விடுதலைச் சிலுவை என்ற பதக்கத்தின் வடிவம். அதன் கீழே விடுதலைப் போரில் வீழ்ந்தவர்களுக்கு என்ற ஒரே வரியும், 1918–1920 என்ற ஆண்டுகளும். அதற்கும் கீழே முப்பதுக்குச் சற்றுக் குறைவான பெயர்கள், அகர வரிசையில். படைப் பதவி இல்லை, பட்டம் இல்லை. பண்ணை முதலாளியின் மகனும் அவன் வீட்டுக் கூலிக்காரனும் எழுத்து வரிசைப்படி அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

பெயர்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. சில பெயர்கள் எஸ்தோனியச் சொற்கள்: தாம் என்றால் கருவாலி மரம், கஸ்க் என்றால் பிர்ச் மரம், ஸெப் என்றால் கொல்லன். சில பெயர்களோ சுத்தமான ஜெர்மன். அவர்கள் ஜெர்மானியர்களா என்று கேட்டதற்கு அம்மையார் சிரித்தார். இந்தப் பகுதி அன்று ரஷ்யப் பேரரசின் லிவோனிய மாகாணத்தில் இருந்தது. இங்கே பண்ணையடிமை முறை ஒழிந்தது 1819ல். அதுவரை குடியானவனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பண்ணையின் பெயரும் தன் பெயருமே போதும். விடுதலை செய்தபோது ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டியிருந்தது. அதை மாளிகையிலும் குருமனையிலும் எழுதிக்கொடுத்தார்கள். எழுதிய கை ஜெர்மானியருடையது. ஆகவே பல குடியானவர்களுக்கு ஜெர்மன் பெயரே விழுந்தது. நூறு ஆண்டு கழித்து அந்தப் பேரன்கள் ஜெர்மானியப் படையையும் எதிர்த்துச் சண்டையிட்டு, ஜெர்மன் பெயரோடு எஸ்தோனியக் கல்லில் ஏறினார்கள்.

அதோடு முடியவில்லை. 1930களின் நடுவில் குடும்பப் பெயர்களை எஸ்தோனியமயமாக்கும் பெரிய இயக்கம் ஒன்றை அரசே நடத்தியது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் பெயர் மாற்றிக்கொண்டார்கள். அம்மையாரின் தாத்தாவும் மாற்றிக்கொண்டார். ஆனால் அண்ணனின் பெயர் 1920களிலேயே கல்லில் வெட்டியாகிவிட்டது. இறந்தவன் பெயர் மாற்ற முடியாது. அதனால் தம்பியின் வழித்தோன்றல்கள் ஒரு பெயரோடும் அண்ணன் இன்னொரு பெயரோடும் இருக்கிறார்கள். தெரியாதவர் யாராவது கல்லைப் பார்த்து இந்தக் குடும்பத்தைத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது. “அவருக்கு எங்கள் பெயர் தெரியாது” என்றார் அம்மையார். இறந்தவரைப் பற்றி நிகழ்காலத்தில் அவர் பேசியது எனக்கு வியப்பாக இருந்தது. பிழை என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. எஸ்தோனியத் தேசிய ஆவணக் காப்பகம் பழைய ஆலயப் பதிவேடுகளைப் படமெடுத்து ‘சாகா’ என்ற இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அம்மையார் சொன்ன ஆண்டைக் கொண்டு அந்தச் சேகரத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். அவரைக் கண்டுபிடித்தேன், ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் ரஷ்ய மொழியில் இருந்தது. 1890களில் ரஷ்யமயமாக்கல் உச்சத்தில் இருந்தபோது லூத்தரன் குருமார்களும் பதிவேட்டை ரஷ்யத்தில்தான் எழுத வேண்டும் என்று ஆணை; அதற்கு முந்தைய தொகுதிகளைத் திறந்தால் எல்லாம் ஜெர்மன். வீட்டில் எஸ்தோனியம் பேசிய ஒரு பையனின் பிறப்பு ரஷ்யத்தில் பதிவாகி, குடும்பப் பெயர் ஜெர்மனில் அமைந்து, இறப்பு மட்டும் அவனுடைய சொந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த நாள்கூட ஜூலியன் நாட்காட்டிப்படி. இன்றைய கணக்குக்குப் பன்னிரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கல்லில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகப் போரில் ஜாருக்காகச் செத்தவர்கள் இந்தக் கல்லில் இல்லை. எஸ்தோனியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்தப் போருக்கு இழுக்கப்பட்டு, பத்தாயிரம் பேர் அளவில் திரும்பவில்லை. விடுதலைப் போரில் இறந்தவர்களை விட அது அதிகம். சில சேகரங்களில் இரண்டு போர்களுக்கும் சேர்த்து ஒரே கல் வைத்தார்கள். அது எனக்கு நியாயமாகப் படுகிறது, ஒரே தாய் இரண்டு மகன்களை இரண்டு போரில் இழந்திருக்கலாம் அல்லவா. இந்தச் சேகரம் அப்படிச் செய்யவில்லை. செஞ்சேனையின் எஸ்தோனியப் படைப்பிரிவுகளில் சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்று இறந்த உள்ளூர்ப் பையன்களும் இல்லை. அவர்களும் அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்து திடப்படுத்தல் பெற்றவர்கள்தாம். சாரேமா தீவில் 1919 பிப்ரவரியில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து எழுந்த குடியானவர்களை எஸ்தோனியப் படையே அடக்கியபோது இறந்தவர்களின் பெயர்களையும் விடுதலைப் போர்க் கற்களில் தேடிப் பயனில்லை. எந்தப் பட்டியலும் யாரையோ வெளியே நிறுத்தித்தான் பட்டியல் ஆகிறது. ஆயினும் ஊர் அளவில் வெளியே நிற்பவர்களின் பெயரும் ஊருக்குத் தெரியும் என்பதே தலைநகர்ச் சின்னங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

1920களிலும் 1930களிலும் நாடெங்கும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் எழுந்தன. அரசு கட்டியவை மிகச் சில. சேகரத்தில் ஒரு குழு கூடும். போதகர், பள்ளி ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், கொஞ்சம் வசதியான விவசாயிகள். கச்சேரி நடத்தியும் நன்கொடை எழுதியும் பணம் சேர்ப்பார்கள். பணம் நன்றாகச் சேர்ந்த இடங்களில் ஆமந்துஸ் ஆதாம்சன் போன்ற பெயர்பெற்ற சிற்பிகளை அழைத்து வெண்கல உருவம் வைத்தார்கள்; சேராத இடங்களில் உள்ளூர்க் கல்தச்சனே போதும். கல்லுக்குப் பஞ்சம் கிடையாது. பனியுகத்தில் பனியாறுகள் பின்லாந்துப் பக்கமிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கருங்கல் பாறைகள் இங்கே வயல்களின் நடுவிலேயே கிடக்கின்றன. ஏர் உழுகிறவனுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த தொல்லைகளில் ஒன்று அது. நான் பார்த்த கல்லும் அப்படி ஒரு வயலிலிருந்து வந்ததுதான். எந்த வயல் என்றும் அம்மையார் காட்டினார்.

1940 ஜூனில் சோவியத் படை நாட்டைப் பிடித்தது. கற்களை உடைக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. 1941 முதல் 1944 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஊரார் சிலவற்றைத் திரும்ப நிறுத்தினார்கள். 1944க்குப் பிறகு சோவியத் ஆட்சி திரும்பியதும் இந்த முறை ஒழுங்காக, மாவட்டம் மாவட்டமாக, வெடிவைத்தும் இழுத்துத் தள்ளியும் அழித்தது. தார்த்துவில் 1933ல் நிறுவிய, எஸ்தோனியத் தேசியக் காவியத்தின் நாயகனான கலெவிப்போயெக்கின் சிலையை 1950ல் அகற்றிவிட்டு, 1952ல் அதே இடத்தில் அந்தக் காவியத்தைத் தொகுத்த கிரொய்ட்ஸ்வால்ட்டின் சிலையை வைத்தார்கள். நாயகனை எடுத்துவிட்டு ஆசிரியரை உட்கார வைத்த அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். நாயகன் 2003ல் ஆற்றங்கரைக்குத் திரும்பினார்; ஆசிரியர் பக்கத்துப் பூங்காவில் இருக்கிறார்.

இந்த அழிப்புக்கு வந்த எதிர்வினைகளில் ஒன்று என்னால் மறக்க முடியாதது. 1946 மே 8 ஆம் தேதி இரவு, தாலினில் செஞ்சேனை வீரர்களுக்காக வைத்திருந்த மரத்தாலான நினைவுச் சின்னத்தை ஐலி யூர்கென்சன், அகேதா பாவெல் என்ற இரண்டு பள்ளிச் சிறுமிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்களுக்கு வயது பதினான்கு, பதினைந்து. எங்கள் கற்களை நீங்கள் உடைக்கிறீர்கள், உங்களுடையதை நாங்கள் உடைக்கிறோம் என்பதே அவர்கள் கணக்கு. பிடிபட்டு, சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் உடைத்ததும் செத்துப்போன பையன்களுக்கான சின்னமே என்பதை மறந்து அவர்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு வயதில் அப்படி ஒரு முடிவுக்கு அவர்களைத் தள்ளியது எது என்பதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கிராமங்களில் எதிர்வினை இதைவிட மெதுவானது. குபெர்யானொவின் கல்லறை தார்த்துவின் ராதி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சோவியத் காலம் முழுவதும், கிறிஸ்துமஸ் இரவிலும் பிப்ரவரி 24 அன்றும் யாராவது மாணவர்கள் அங்கே மெழுகுவத்தி வைத்துவிட்டுப் போவார்கள். காவலர்கள் நின்று பார்ப்பார்கள். அம்மையாரின் சேகரத்திலோ கல்லை வண்டி கட்டி இழுத்துச் சாய்த்த மறுநாள், மேல்துண்டு காணாமல் போயிற்று. ஒரு பண்ணையில், வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால், உருளைக்கிழங்குக் குழிக்குள் அது போயிருந்தது. இந்தச் சேதி எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரியும் என்றார். 1949 மார்ச் 25 ஆம் தேதி தொடங்கிச் சில நாட்களில் நாடெங்குமிருந்து 20,000க்கும் மேற்பட்டோரைச் சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். இந்தச் சேகரத்திலிருந்தும் வண்டிகள் போயின. கொட்டகைக்குச் சொந்தமான குடும்பமும் போயிற்று. வீட்டுக்குப் புதியவர்கள் வந்தார்கள். நிலம் கூட்டுப்பண்ணை ஆயிற்று. குழிக்குள் கல் கிடந்தது.

1987 டிசம்பர் 12 ஆம் தேதி எஸ்தோனிய மரபுப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. பழைய கட்டடங்களையும் கல்லறைகளையும் பேணுவதாகச் சொல்லித் தொடங்கிய இந்தச் சங்கம்தான், தடை செய்யப்பட்ட நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியை 1988 ஏப்ரலில் தார்த்து வீதியில் முதலில் காட்டியது; அதுவும் மூன்று நிறங்களை மூன்று தனித்தனித் துணிகளாக. மூன்றையும் அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தால் கொடி ஆகிவிடும், ஆனால் யாரும் கொடி பிடிக்கவில்லை. அந்த ஆண்டிலிருந்து சேகரத்துக்குச் சேகரம் கற்கள் எழத் தொடங்கின. நாடு 1991 ஆகஸ்ட் 20 ஆம் தேதிதான் சுதந்திரத்தை மீட்டது. கற்களில் பல அதற்கு முன்பே நின்றுவிட்டன.

இங்கே குழியைத் தோண்டியபோது அம்மையாரும் இருந்தார். மேல்துண்டும் சிலுவையும் முழுசாகக் கிடைத்தன. பெயர்கள் வெட்டிய நடுத்துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அதை உடைத்து எங்கோ சாலைக்குப் போட்டிருக்க வேண்டும். திறப்பு விழா அன்று எடுத்த ஒரு புகைப்படம் மூன்று வீடுகளில் இருந்தது. அந்தப் படத்தை உருப்பெருக்கி வைத்துப் படித்துப் பெயர்களை எழுதினார்கள். போதகரின் தோள் மறைத்த இடத்தில் இரண்டு பெயர்கள் தெரியவில்லை. அவற்றை ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். பழைய கல்லில் வில்லெம் என்ற பெயரின் முதலெழுத்து டபிள்யூ. இன்றைய எஸ்தோனிய எழுத்துமுறையில் அது வி. எதை வெட்டுவது என்று குழுவில் ஒரு மாலை முழுக்கச் சண்டை நடந்ததாம். கடைசியில் பழைய எழுத்தே வென்றது. புதிய நடுத்துண்டு வேறு குவாரியின் கல், செம்மை கலந்தது. மேலும் கீழும் சாம்பல் நிறம், நடுவில் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே ஒட்டுத் தெரிகிறது. மூன்று துண்டும் ஒரே நிறமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது இளையவர்கள் சிலர் சொல்கிறார்களாம். அந்தக் குழு மீண்டும் கூடினால் எனக்கு வாக்கு இல்லை. இருந்தால் ஒட்டுக்குத்தான் போடுவேன்.

தாலினில் விடுதலைச் சதுக்கத்தில் 2009 ஜூன் 23 ஆம் தேதி திறந்த வெற்றித் தூணையும் பார்த்திருக்கிறேன். 23.5 மீட்டர் உயரம், முழுவதும் கண்ணாடி, உச்சியில் விடுதலைச் சிலுவை, உள்ளிருந்து ஒளி. திறந்த சில காலத்திலேயே விளக்குகளும் கண்ணாடிப் பலகைகளும் தொல்லை கொடுக்கத் தொடங்கி நாளிதழ்களில் வெகுவாகக் கேலிக்கு ஆளானது. பார்வைக்கு எடுப்பானதுதான். ஆனால் அதன் முன்னால் நின்று என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. படிக்க அதில் பெயர் இல்லை.

கிராமத்துக் கல்லின் முன் அன்று என்ன செய்வது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. பிள்ளைகள் விளக்கேற்றி முடித்ததும் ஒவ்வொருவராகப் போய்த் தங்களுடையதை வைத்தார்கள். வழித்தோன்றல் இல்லாத பெயர்களுக்கு யார் வைப்பது என்பதிலும் பல ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு இருக்கிறது போலும்; ஒரு பெரியவர் நான்கு குவளைகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்தார். அம்மையார் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கல்லடியில் வைத்தார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தாய் தந்தையரின் கல்லறையில் இன்னொன்று.

பையில் மூன்றாவது ஒன்று இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கார் நிற்கும் இடத்துக்குத் திரும்பி வரும் வழியில், ஆலயத்தின் வடக்குச் சுவரோரம், கல்லிலிருந்து இருபது அடி தள்ளி, அதைப் பனிக்குள் பதித்து ஏற்றினார். அங்கே பெயரோ குறியோ எதுவும் இல்லை; வெறும் சுவர். “தாத்தாவுக்கு இரண்டு அண்ணன்கள்” என்றார். “இவர் அந்தப் பக்கம் போனவர்.” காற்றில் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது. குவளையின் மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.